கதவைச் சாத்திக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர்: தெருக்காரர்கள் செய்ய வேண்டியவை

பால் பாக்கெட் பத்து மணி வரை வாசல் கம்பியிலேயே தொங்குகிறது. மூன்று நாள் செய்தித்தாள் திண்ணையில் சேர்ந்துகிடக்கிறது. ராத்திரி போட்ட வாசல் விளக்கு பகலெல்லாம் எரிகிறது. இரண்டு மாதம் கரண்ட் பில் கட்டாமல் ஃபியூஸைப் பிடுங்க ஆள் வந்தபோதும் அவர் வெளியே வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாடி வளர்ந்துவிட்டது. தெருவில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்.

இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் அதற்குச் சாதாரணக் காரணம் இருக்கலாம். ஊருக்குப் போயிருப்பார், காய்ச்சலாக இருக்கும். மூன்று நான்கு சேர்ந்து, இரண்டு வாரத்தையும் தாண்டினால் "அவர் குணமே அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வு நோய் என்று சொல்ல மருத்துவர்கள் வைத்திருப்பதும் இந்த இரண்டு வாரக் கணக்கைத்தான். அநேகமாக எல்லா நாளும் மனம் கனத்துக் கிடப்பது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது இரண்டும் முதல் அடையாளங்கள். தூக்கம், பசி, கவனம், தெம்பு ஆகியவை கெடுவதும், தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணமும், சாவைப் பற்றிய நினைப்பும் கூடவே வரும்.

இங்கே சொல்லப்படுபவை தனியாக இருக்கும் நடுவயது, முதிய ஆண்களை மனதில் வைத்தவை. மனைவியை இழந்தவர், தொழில் நொடித்தவர், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க ஓய்வு பெற்று ஒற்றையாய் நிற்பவர். பெண்களுக்கும் இந்த நோய் வரும், எண்ணிக்கையில் அதிகமாகவே வரும். ஆனால் நம் தெருக்களில் கொத்துமல்லி கடன் கேட்பது, கோலமாவு கொடுப்பது, சீட்டுப் பணம் கட்டுவது என்று நாலு வீட்டோடு உறவு வைத்திருப்பவர் பெரும்பாலும் மனைவி. அவர் போனதும் கணவருக்குத் தெருவே இல்லாமல் போய்விடுகிறது. முப்பது வருஷம் எதிரெதிரே குடியிருந்தும், பேசிப் பழக்கமில்லாத மனிதர் ஆகிவிடுகிறார். பக்கத்து வீட்டார் முதலில் சரிசெய்ய வேண்டியது இந்த அறுந்த இழையைத்தான்.

அதற்குப் பெரிய காரியம் எதுவும் தேவைப்படாது. சின்னதாக, சொன்ன நேரத்துக்கு, பதில் எதிர்பார்க்காமல், நிறுத்தாமல் போய்வருவதே மருந்து. இது வெறும் நல்லெண்ணப் பேச்சாகத் தோன்றலாம். ஆனால் சோதித்துப் பார்க்கப்பட்ட உண்மை. சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் 1969 முதல் ஒரு முயற்சி செய்தார். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போனபின் தொடர் சிகிச்சையை மறுத்தவர்கள் 843 பேர். அவர்களில் ஒரு பாதிப் பேருக்கு "நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள்" என்ற அளவில் நாலு வரிக் கடிதங்கள் ஐந்து வருஷம் போயின. எதையும் கேட்காத கடிதங்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடம் தற்கொலை தெளிவாகக் குறைந்திருந்தது. நமக்கு நெருக்கமான சான்றும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பகுதியினரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, பிறகு 18 மாதத்தில் ஒன்பது முறை மட்டும் போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2 சதவீதம். ஒன்பதே முறை!

மூன்று பேர் போதும்

தெருவே திரண்டு போனால் அவர் இன்னும் உள்ளே ஒடுங்கிவிடுவார். மூன்று பேர் போதும். வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வாசலுக்குப் போகிறவர் ஒருவர். இவர் ஆணாக, ஏறக்குறைய அதே வயதினராக, அதிகம் பேசாதவராக இருந்தால் நல்லது. வாயாடி வேண்டாம். ஏற்கெனவே "என்ன சார்" என்ற அளவிலாவது பழக்கம் இருக்க வேண்டும். இரண்டாமவர் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்பவர். பெரும்பாலும் வயதில் மூத்த அக்காவோ பெரியம்மாவோ அமைவார்கள். தனியாக வாழும் ஆண் வீட்டுக்குள் அவர்கள் போக வேண்டியதில்லை, சமைத்துக் கொடுத்தனுப்பினால் போதும். மூன்றாமவர் வெளி வேலைக்காரர். ஆஸ்பத்திரி, வங்கி, மின்வாரியம், பிள்ளைகளுக்கு போன் எல்லாம் இவர் பொறுப்பு.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி இந்த மூவருக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, கதவு திறந்தாரா, டப்பா காலியானதா, அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை என்ன, இவ்வளவு எழுதினால் போதும். பின்னால் டாக்டருக்கு இந்த நோட்டைப் போல உதவுவது வேறெதுவும் இல்லை. அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் அவரைப் பற்றி ஒரு வரிகூட வரக் கூடாது. தன்னைப் பற்றித் தெருவே பேசுகிறது என்று தெரிந்த அன்றைக்கு அவர் மறுபடி கதவைச் சாத்துவார், அதற்கப்புறம் திறக்க வைப்பது மிகக் கடினம்.

தொடங்குவதற்கு முன் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: ஆறு மாதம் இதைச் செய்ய முடியுமா? பெரும்பாலான முயற்சிகள் கெடுவது இங்கேதான். முதல் பத்து நாள் தினம் இரண்டு வேளை சாப்பாடு, மணிக்கணக்கில் பேச்சு, பதினோராம் நாள் யாரும் இல்லை. கைவிடப்பட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அதை நிரூபித்துக் காட்டிவிட்டுப் போகிறோம். வாரம் இரண்டு முறைதான் முடியும் என்றால் இரண்டு முறையே போங்கள், அதை விடாமல் செய்யுங்கள்.

வாசலில் முதல் இரண்டு வாரம்

போகும் நேரம் மாலை ஐந்து மணி வாக்கில் இருக்கட்டும். மனச்சோர்வில் பலருக்கு விடியற்காலைதான் மிகக் கனமான பொழுது. மூன்று, நான்கு மணிக்கே விழிப்பு வந்து, எழுந்திருக்க மனமில்லாமல் கிடப்பார்கள். பொழுது சாயச் சாய கொஞ்சம் இறுக்கம் தளரும். காலை எட்டு மணிக்குத் தட்டிவிட்டு "கதவே திறக்க மாட்டேங்கிறார்" என்று சலித்துக்கொள்பவர்கள் நேரத்தைத்தான் தவறவிடுகிறார்கள்.

ஒருநாள் விட்டு ஒருநாள், அதே நேரம். கதவை மூன்று தட்டு தட்டி, யார் என்று பேர் சொல்லிவிட்டு, இரண்டு அடி பின்னால் தள்ளி நில்லுங்கள். கதவுக்கு ஒட்டி நின்றால் உள்ளே நுழையப் பார்க்கிறார்கள் என்ற பதற்றம் வரும். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்காதீர்கள். பேச்சு இவ்வளவுதான்:

"அண்ணே, எதிர் வீட்டுலேருந்து வந்திருக்கேன். இன்னிக்கு மிளகு ரசம் வச்சாங்க. கொஞ்சம் வச்சுட்டுப் போறேன். நாளன்னிக்கு இதே நேரத்துக்கு வர்றேன்."

இதில் கேள்வியே இல்லை என்பதைக் கவனியுங்கள். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் அவர் பதில் தேட வேண்டும், அதற்கான தெம்பு அவரிடம் இல்லை. மூன்று நிமிஷத்துக்கு மேல் நிற்காதீர்கள். கதவு திறக்கவில்லை என்றால் டப்பாவைத் திண்ணையில் மூடி வைத்துவிட்டுச் சத்தமாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கதவு திறக்காத நாளையும் போன நாளாகவே நோட்டில் எழுதுங்கள். சொன்ன நாளில் வர முடியாது என்றால் மற்ற இருவரில் ஒருவர் போய் "இன்னிக்கு அவர் வெளியூர், சொல்லச் சொன்னார்" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். அவர் உள்ளேயிருந்து நேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

தட்டினால் உள்ளே நடமாட்டமோ குரலோ வழக்கமாகக் கேட்கும் வீட்டில் ஒரு நாள் எதுவுமே கேட்கவில்லை, போனும் எடுக்கவில்லை, பால் எடுக்கப்படவில்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு பேராகப் போய்த் தட்டுங்கள். பதில் இல்லையென்றால் அவசர உதவி எண் 112க்குச் சொல்லிவிட்டுக் கதவைத் திறக்க ஏற்பாடு செய்யுங்கள்.

சாப்பாடு

இரண்டு இட்லி. அல்லது ஒரு கரண்டி சாதத்தைக் குழையக் கரைத்து ரசம். அல்லது ஒரு டம்ளர் மோர், ஒரு வாழைப்பழம். அதற்கு மேல் வேண்டாம். பசி செத்துப்போன மனிதருக்கு முழு இலைச் சாப்பாடு ஒரு சுமை. சாப்பிட முடியாமல் மீதி வைப்பார், அது கெட்டு நாறும், "கொடுத்ததையும் வீணாக்கினேன்" என்ற குற்ற உணர்ச்சி சேர்ந்துகொள்ளும். சின்ன டப்பா காலியானால் அதுவே அவருக்கு ஒரு வெற்றி.

சர்க்கரை நோயாளியா என்று முதல் வாரத்திலேயே பிள்ளைகளிடமோ மருந்துக் கடைக்காரரிடமோ விசாரித்துவிடுங்கள். சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரையை மட்டும் பழக்கத்தில் விழுங்கிக்கொண்டிருந்தால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, உளறத் தொடங்கினால் மனக்கஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

பாத்திர விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பிளாஸ்டிக் டப்பாவிலோ பார்சல் கவரிலோ கொடுக்காதீர்கள். பேர் வெட்டிய எவர்சில்வர் டப்பாவில் கொடுங்கள். தூக்கி எறியும் டப்பாவோடு கொடுப்பது அன்றைக்கே முடிந்துபோகும். பேர் வெட்டிய பாத்திரம் ஒரு வீட்டுக்குச் சொந்தமானது, அது திரும்பிப் போயாக வேண்டும் என்பது நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாத விஷயம். இரண்டு டப்பா வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கொடுங்கள். பழைய டப்பாவை முதல் பத்து நாள் கேட்கவே வேண்டாம். ஒருநாள் அது கழுவித் திண்ணையில் கவிழ்த்து வைத்திருக்கும். நோட்டில் கொட்டை எழுத்தில் எழுத வேண்டிய நாள் அது. ஆனால் அவரிடம் ஆகா ஓகோ என்று சொல்லிவிடாதீர்கள். பேசாமல் எடுத்துக்கொண்டு அடுத்த டப்பாவை வையுங்கள்.

பேச்சு

அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கத் தொடங்கியதும், திண்ணையிலோ மாடிப்படியிலோ பக்கத்தில் பக்கத்தில் உட்காருங்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் விசாரணை போல இருக்கும். இருவரும் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் பேசாமல் இருப்பதும் இயல்பாக இருக்கும். பத்து நிமிஷம் மௌனமாகப் போனால் போகட்டும். வாசலில் போகும் காய்கறி வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

"மனசைத் தைரியமா வச்சுக்குங்க", "உங்களைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனை பேரு", "பிள்ளைங்க நல்லா இருக்காங்களே, உங்களுக்கென்ன குறை", "கோயிலுக்குப் போயிட்டு வாங்க, எல்லாம் சரியாயிடும்", "இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன?" இவற்றில் எதுவும் வேண்டாம். எல்லாமே நல்ல மனசோடு சொல்லப்படுபவைதான். கேட்பவருக்கோ "நீ இப்படி இருப்பது உன் தப்பு" என்றே விழும். கோயிலுக்குப் போகும் பழக்கம் உள்ளவரை ஒருநாள் கூட்டமில்லாத நேரத்தில் கூட்டிப் போவது நல்லதுதான், அதை மருந்தாக விற்காதீர்கள்.

கேட்க வேண்டுமானால் உடம்பிலிருந்து தொடங்குங்கள். "ராத்திரி தூக்கம் வருதாண்ணே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதில் ஆணுக்கு வெட்கம் இல்லை. "மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது" என்பார். "முழிச்சு என்ன பண்ணுவீங்க?" "என்னத்தப் பண்றது, யோசனைதான்." அந்த யோசனை என்ன என்று கேட்கும் இடத்துக்கு இப்படித்தான் போக முடியும். இறந்துபோன மனைவியின் பேரைச் சொல்லத் தயங்காதீர்கள். எல்லோரும் அந்தப் பேரைத் தவிர்ப்பதுதான் பல வீடுகளில் பெரிய வலி. "அக்கா வச்ச மல்லிச் செடி நல்லா பூத்திருக்கு" என்றால் அவர் அழலாம். அழட்டும். தண்ணீர் கொடுத்துவிட்டுக் கூட இருங்கள்.

சாவைப் பற்றிக் கேட்பது

எல்லோரும் தட்டிக்கழிக்கும் கேள்வி இது. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் தவறு. நேராகக் கேட்பது எண்ணத்தை உண்டாக்குவதில்லை. யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்ததை இறக்கி வைக்கிற நிம்மதிதான் பலருக்குக் கிடைக்கிறது.

"எனக்கு அப்புறம் இந்த வீட்டை வித்துடச் சொல்லணும்", "இனிமே யாருக்கும் தொந்தரவு இல்லை", "அவகிட்டயே போயிடலாம்" போன்ற பேச்சு காதில் விழுந்தாலோ, பத்திரங்களைத் திடீரென்று ஒழுங்குபடுத்தினாலோ, வளர்த்த நாயை யாருக்காவது கொடுத்தாலோ, நாள்கணக்காகக் கலங்கிக் கிடந்தவர் காரணமில்லாமல் திடீரென அமைதியாகிவிட்டாலோ அன்றைக்கே கேளுங்கள். தனியாக இருக்கும்போது, மெதுவாக, சுற்றி வளைக்காமல்:

"அண்ணே, இருக்கவே வேணாம்னு தோணுதா? சாகணும்னு நினைச்சீங்களா?"

ஆம் என்றால் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள், "அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று அடக்காதீர்கள். "எப்படின்னு ஏதாவது யோசிச்சு வச்சிருக்கீங்களா? எப்போன்னு?" என்று அடுத்ததையும் கேளுங்கள். எண்ணம் மட்டும் இருந்தால் இரண்டொரு நாளுக்குள் மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். வழியும் நாளும் யோசித்திருந்தால் அந்த நிமிஷத்திலிருந்து அவரைத் தனியாக விடக் கூடாது. மூன்று பேரும் முறைபோட்டுக் கூடவே இருந்து, அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். 108 வரும். "யாருகிட்டயும் சொல்லாதே" என்று சத்தியம் கேட்பார். அந்தச் சத்தியத்தைச் செய்யாதீர்கள். "உங்களை விட்டுட முடியாதுண்ணே, உதவி செய்யறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்று நேர்மையாகச் சொல்லிவிடுங்கள்.

மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416. 2022 அக்டோபரிலிருந்து இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் அரசின் சுகாதார உதவி எண் 104ஐயும் அழைக்கலாம். சென்னையில் 1986இலிருந்து இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவின் எண் 044-24640050. அவர் பேச மறுத்தால் நீங்களே கூப்பிட்டு என்ன செய்வதென்று கேட்கலாம்.

கூடவே வீட்டிலிருக்கும் ஆபத்தான பொருள்களை அகற்றுங்கள். பூச்சிமருந்து, எலிமருந்து, மீந்துபோன பழைய மாத்திரைகள் எல்லாம் வேறு வீட்டுக்குப் போக வேண்டும். அவரிடம் சொல்லிவிட்டே எடுங்கள்: "கொஞ்ச நாளைக்கு எங்க வீட்டுல இருக்கட்டும்ணே." சாக நினைப்பவர் வேறு வழி தேடுவாரே, இதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. உந்துதல் பலருக்குச் சில நிமிஷம், சில மணி நேரத்தில் தணிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதுதான் உயிரைக் காக்கிறது. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை 1995 முதல் படிப்படியாகத் தடைசெய்த பிறகு நாடு முழுவதும் தற்கொலை பெருமளவு குறைந்தது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் ஊருக்குப் பொதுவான பூட்டுப் பெட்டிகளில் விவசாயிகளின் பூச்சிமருந்தை வைக்கும் முறையைச் சோதித்ததும் இதே காரணத்தால்தான்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் காலத்தைக் கடத்தாதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது.

டாக்டரிடம்

"மனநல டாக்டர்" என்றதும் "நான் என்ன பைத்தியமா?" என்பார். "தூக்கமே இல்லாம உடம்பு கெட்டுடுச்சு, அதைப் பாத்துக்கலாம்" என்பது பொய்யில்லாத அழைப்பு. ஆனால் எங்கே போகிறோம் என்பதை ஆட்டோவில் ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஏமாற்றிக் கூட்டிப் போனால் முதல் நாளே கடைசி நாள் ஆகிவிடும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் இருக்கிறார், மருந்தும் இலவசம்.

நோட்டை எடுத்துப் போங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைபாடு, கட்டுப்படாத சர்க்கரை எல்லாம் மனச்சோர்வு போலவே முகம் காட்டும். ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடமே கேளுங்கள். காது மந்தத்தால் கூச்சப்பட்டு ஒதுங்கியவர்களும் உண்டு.

மருந்து தொடங்கினால் வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுப் புரட்டலும் படபடப்பும்தான் தெரியும், பலனில்லை என்று நிறுத்திவிடுவார்கள். நோட்டில் "இத்தனாம் தேதி வரை பொறுக்க வேண்டும்" என்று எழுதி அவருக்கே காட்டுங்கள். இந்தக் காலத்தில் வருகையைக் கூட்டுங்கள். மனம் தெளியும் முன்பே உடம்பில் தெம்பு வந்துவிடக்கூடும், அந்த இடைவெளி ஆபத்தானது. மாத்திரைகளை வாரத்துக்கு மட்டும் அவரிடம் கொடுத்து மீதியை நீங்கள் வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டர் முன்னிலையிலேயே பேசி முடிவு செய்யுங்கள். நன்றாக ஆனபிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மருந்து தொடர வேண்டியிருக்கும். நிறுத்துவதும் டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான்.

குடி இருந்தால் தனிக் கவனம் வேண்டும். துக்கத்தை ஆற்றுகிறேன் என்று நண்பர்கள் குவாட்டர் வாங்கி வந்து கொடுப்பதைத் தடுத்துவிடுங்கள், அது மனச்சோர்வை ஆழமாக்கும். ஆனால் தினமும் அதிகம் குடிப்பவரை வீட்டில் பூட்டி வைத்து ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. நிறுத்திய முதல் நாளில் நடுக்கமும் வியர்வையும், இரண்டு நாளுக்குள் வலிப்பும், அதற்கடுத்து குழப்பமும் இல்லாதவை தெரிவதும் வரலாம். உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

உடம்பை முதலில் அசைப்பது

மனசு சரியானால் வெளியே வருவார் என்று காத்திருப்பதைத் திருப்பிப் போடுங்கள். கொஞ்சம் வெளியே வந்தால்தான் மனசு சரியாகும். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களைப் பயிற்றுவித்து, ஆறிலிருந்து எட்டு சந்திப்புகளில் இந்த ஒரு கொள்கையை வைத்தே கடும் மனச்சோர்வுள்ளவர்களை மீட்க முடியும் என்று காட்டினார்கள். 2017இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

அடிகள் மிகச் சின்னதாக இருக்க வேண்டும். குளியல் பலருக்குப் பெரிய மலை, "வெந்நீர் போட்டு வச்சிருக்கேன், ஒரு சொம்பு ஊத்திக்குங்க" என்று தொடங்கலாம். பிறகு மாலையில் பத்து நிமிஷம் திண்ணை. ஒரு வாரம் அது நிலைத்தபின் தெருமுனை வரை. பிறகு டீக்கடை, அதுவும் கூட்டமில்லாத மூன்று மணிக்கு, கடைக்காரரிடம் முன்பே சொல்லிவைத்து. எத்தனையோ நாள் காணாமல் போனவரைப் பார்த்ததும் "எங்க சார் ஆளையே காணோம், இப்படி இளைச்சுட்டீங்க" என்று கடையே கூடிவிட்டால் அவர் மறுநாள் வரமாட்டார். முடிவெட்டக் கூட்டிப் போவதும் வார நாளின் மத்தியானத்தில் நல்லது. செவ்வாய்க்கிழமை பல ஊர்களில் கடை இருக்காது. அரும்பாடுபட்டுக் கிளப்பிக்கொண்டு போய் பூட்டிய கடையின் முன் நிற்காதீர்கள். ஒரு அடி நிலைக்க ஏழிலிருந்து பத்து நாள் கொடுங்கள். நடக்கவில்லை என்றால் அதற்கு முந்தின அடிக்கே திரும்புங்கள், தோற்றதாகப் பேச வேண்டாம்.

ஐந்தாறு வாரத்தில், அவரிடம் ஓர் உதவி கேளுங்கள். இதுவரை வாங்கிக்கொண்டே இருந்தவருக்குக் கொடுக்க ஏதாவது வேண்டும். வாங்கிக்கொண்டே இருப்பது ஆளைச் சிறுமைப்படுத்தும். உதவி எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். அவருக்கு ஏற்கெனவே தெரிந்த வேலையாக, பத்துப் பதினைந்து நிமிஷத்தில் முடிவதாக, வாசலிலேயே செய்யக்கூடியதாக, உண்மையிலேயே உங்களுக்குத் தேவையானதாக, அவர் செய்யாமல் விட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லாததாக இருக்க வேண்டும். தையல்காரராக இருந்தவரிடம் பள்ளிச் சட்டைக்குப் பட்டன். மின் வேலை தெரிந்தவரிடம் மிக்ஸியின் தளர்ந்த ஒயர். கணக்கு வாத்தியாரிடம் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் ஒரே ஒரு கணக்கு. அரசு அலுவலகத்தில் இருந்தவரிடம் பட்டா மாறுதல் மனுவை ஒருமுறை படித்துப் பார்ப்பது. போலியான வேலையை அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார், பிறகு உங்களை நம்ப மாட்டார்.

அது பிடித்துக்கொண்டால் நாள்தோறும் திரும்ப வரும் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். காலையில் அடுக்ககத்து மோட்டார் போட்டு நிறுத்துவது, தண்ணீர் லாரி வரும்போது குடம் கணக்குப் பார்ப்பது, வேலைக்குப் போகும் வீட்டின் சாவியை வைத்திருப்பது. அந்தச் சாவிக்காகச் சாயங்காலம் பள்ளிவிட்டு வரும் பிள்ளை அவர் கதவைத் தட்டும். அதற்காக அவர் எழுந்து சட்டை போட்டுக்கொள்வார்.

சிக்கலை ஒவ்வொன்றாகப் பிரிப்பது

ஜிம்பாப்வேயின் ஹராரேயில் 2006இலிருந்து பாட்டிமார்கள் மருத்துவமனை வாசலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மனம் நொந்தவர்களிடம் பேசுகிறார்கள். டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் தொடங்கியது. அங்கே மனச்சோர்வை ஊர்மொழியில் 'அதிகமாக யோசிப்பது' என்றே சொல்கிறார்கள், நம்மவர்கள் "யோசனை" என்று சொல்வதைப் போலவே. அந்தப் பாட்டிகள் செய்வது எளிது: எல்லாக் கஷ்டத்தையும் சொல்லவிட்டு, அவற்றில் ஒன்றை மட்டும் அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதற்கு இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு காரியத்தை அவர் வாயாலேயே சொல்ல வைப்பது. நம் திண்ணைக்கும் இது பொருந்தும்.

பெரும்பாலும் முதலில் வருவது கடன். நீங்கள் பணம் கொடுத்துத் தீர்க்கப் பார்க்காதீர்கள். கொடுத்தவரைப் பார்க்கவே கூசி மறுபடி ஒளிவார். ஒரு தாளில் யாருக்கு எவ்வளவு என்று எழுத உட்காருங்கள், அதுவே பாதி பாரத்தைக் குறைக்கும். வங்கி, நிதி நிறுவன வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வெளி வேலை பார்க்கும் மூன்றாமவர் கூடப் போய்ப் புகார் கொடுக்கலாம். ஓய்வூதியக்காரரானால் வாழ்நாள் சான்று கொடுத்தாரா என்று பாருங்கள். கொடுக்காமல் ஓய்வூதியம் நின்றுபோனதை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பார்கள்.

சறுக்கலும் தளர்த்தலும்

நன்றாக வந்துகொண்டிருந்தவர் ஒரு நாள் மறுபடி கதவைச் சாத்துவார். அநேகமாக அது மனைவியின் திவச நாளுக்கு முந்தின வாரமாகவோ, கல்யாண நாளாகவோ, தீபாவளியாகவோ இருக்கும். இந்தத் தேதிகளைத் தொடக்கத்திலேயே நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள். அந்த வாரம் தினமும் ஒரு முறை எட்டிப் பார்க்க வேண்டும். தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்துவிட்டுப் போவதைவிட, வெடிச் சத்தம் அடங்கிய பின்மதியம் அரை மணி நேரம் கூட உட்காருவது உதவும். சறுக்கினால் முதல் வாரத்தின் முறைக்கே திரும்பிவிடுங்கள். இரண்டாம் முறை கதவு சீக்கிரம் திறக்கும்.

வாசலுக்குப் போகிறவருக்கும் ஓய்வு வேண்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் மற்றவர் போகட்டும். அவரது கனத்தை நீங்கள் சுமந்துகொண்டு வந்து உங்கள் தூக்கம் கெட்டால் நீங்களும் 14416ஐ அழைக்கலாம்.

நான்காம் மாதத்துக்கு மேல் "நேத்து ஏன் வரலை?" என்று அவரே கேட்பார், அல்லது உங்கள் வீட்டு வாசலுக்கு அவரே வருவார். அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதை வாரம் இரண்டாக, பிறகு ஒன்றாகக் குறைக்கலாம். சொல்லிவிட்டுக் குறைக்க வேண்டும்: "இனிமே செவ்வாயும் வெள்ளியும் வர்றேண்ணே, நடுவுல நீங்க அந்தப் பக்கம் வாங்க." டப்பாவை அவர் சும்மா திருப்பித் தராமல் ஒரு பிடி சர்க்கரையோ இரண்டு வாழைப்பழமோ வைத்துக் கொடுத்தால் "எதுக்குண்ணே இதெல்லாம்" என்று மறுக்காதீர்கள். வாங்கிக்கொண்டு உள்ளே போய் வைத்துவிட்டு வாருங்கள்.